மெய்நிகர் கணினிக்கு வைஃபை அட்டையைக் கொடுக்கலாமா?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் கணினி வலையமைப்பு பற்றிய பாடங்களும் திறந்த மூல மென்பொருள் பற்றிய பாடமும் உள்ளன. இவற்றைச் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்கள் பலர், ஆய்வகக் கணினியில் உள்ள விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள் மூலம் ஒரு லினக்ஸ் கணினியை உருவாக்கிக்கொள்கிறார்கள். லினக்ஸ் திறக்கிறது, இணையமும் வருகிறது. ஆனால் வைஃபை பாடத்திற்கு வரும்போது மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி எழும்: "சார், நெட் வருது. ஆனா வைஃபை லிஸ்ட்டே காட்டலையே?"

இது நல்ல கேள்வி. நிறுவியதில் ஏதோ பிழை என்று நினைத்து மீண்டும் நிறுவத் தொடங்கினால் ஒரு பாடவேளை போய்விடும். அங்கே பிழை எதுவும் இல்லை. மெய்நிகர் கணினி என்பது எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று புரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும். வைஃபை அட்டையை மெய்நிகர் கணினிக்கு நேரடியாக ஒப்படைக்கவும் வழி உண்டு. அந்த வழிகள் எவை, நம் பள்ளிக்கு எது பொருந்தும், எந்தக் கணினியில் இதைச் செய்யவே கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மெய்க் கணினியும் மெய்நிகர் கணினியும்

மேசை மேல் இருக்கும் கணினியை மெய்க் கணினி என்போம். ஹோஸ்ட் என்று மென்பொருள்கள் குறிப்பிடுவது இதைத்தான். அதற்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினி மெய்நிகர் கணினி. அதற்குத் தனி இயங்குதளம், தனி நினைவகப் பங்கு, தனி வன்தட்டு உண்டு. அந்த வன்தட்டு உண்மையில் மெய்க் கணினியில் உள்ள ஒரு பெரிய கோப்பு. மாணவர் அதில் எதையாவது அழித்துவிட்டாலும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. பள்ளி ஆய்வகத்திற்கு இதன் முதன்மைப் பயன் இதுவே.

இந்த எண்ணம் புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. லினக்ஸ் கர்னலில் 2007-ஆம் ஆண்டு கேவிஎம் என்ற பகுதி சேர்ந்தபின், சாதாரண மேசைக் கணினியிலும் மெய்நிகர் கணினிகளை நல்ல வேகத்தில் இயக்குவது எளிதாயிற்று. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கும் லினக்ஸ் அறிமுகமானதே. 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நம்மில் பலர் அவற்றில்தான் முதலில் பார்த்தோம். ஆனால் அந்த மடிக்கணினியில் ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளம்தான் ஓடும். மெய்நிகர் கணினியில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஆகவே வன்பொருளை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுகிறது.

வைஃபை ஏன் தெரிவதில்லை?

மெய்நிகர் கணினி பார்ப்பது மெய்யான வன்பொருளை அன்று. விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு வலையமைப்பு அட்டையைப் போல நடிக்கிறது. இயல்பாக அது காட்டுவது இன்டெல் புரோ 1000 வகைக் கம்பி அட்டை. லினக்ஸும் அதை நம்பி, "கம்பி வழி இணைப்பு, வேகம் நொடிக்கு 1000 மெகாபிட்" என்று காட்டும். மெய்க் கணினி வைஃபையில் மெதுவாக இணைந்திருந்தாலும் இந்த எண் மாறாது. மாணவர்களை இந்த எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பு உண்மையில் வைஃபை வழியாக வருகிறது, திரையோ கம்பி என்கிறது. இந்த முரண்பாடே பாடத்தின் தொடக்கமாகும்.

கம்பி அட்டையைப் போல நடிப்பது எளிது. தரவுப் பொதியை வாங்கிக் கொடுத்தால் போதும். வைஃபை அட்டைக்கு வேலை அதிகம். அலைவரிசைகளை வருட வேண்டும், அருகிலுள்ள ரௌட்டர்களின் அறிவிப்பைக் கேட்க வேண்டும், கடவுச்சொல்லைக் கொண்டு மறையாக்கத் திறவிகளைப் பேசி முடிவு செய்ய வேண்டும். மெய்க் கணினி இதையெல்லாம் ஏற்கெனவே முடித்துவிடுவதால், மெய்நிகர் கணினிக்கு அதன் பலனை மட்டும் கம்பி வடிவில் கொடுக்கிறார்கள்.

இந்தக் கம்பி இரண்டு விதமாக அமையும்.

முதல் விதம் நாட் என்னும் முகவரி மாற்றம். ஆரணியில் எங்கள் வகுப்புகளில் தறி வீட்டுப் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இப்படிச் சொன்னால் உடனே விளங்குகிறது. பாவும் ஊடையும் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளியிடம் பல தறிகள் நெய்கின்றன. சேலை வெளியூர்க் கடைக்குப் போகும்போது முதலாளியின் பெயரில் போகிறது. எந்தத் தறியில் நெய்தது என்று கடைக்காரருக்குத் தெரியாது. கடையிலிருந்து ஒரு சேலை திரும்பி வந்தால், முதலாளி தம் நோட்டைப் பார்த்து உரிய நெசவாளரிடம் சேர்க்கிறார். நாட் முறையிலும் அப்படியே. மெய்நிகர் கணினியின் முகவரி, விர்ச்சுவல்பாக்ஸில் பெரும்பாலும் 10.0.2.15. அந்த முகவரி வெளியே போவதில்லை. எல்லாப் பொதிகளும் மெய்க் கணினியின் முகவரியிலேயே போகின்றன. வரும் பதிலை எவருக்குக் கொடுப்பது என்று மெய்க் கணினி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது.

இரண்டாவது விதம் பிரிட்ஜ் என்னும் பாலம். இதில் மெய்நிகர் கணினி பள்ளி வலையமைப்பில் ஒரு தனிக் கணினியாகத் தோன்றும். ரௌட்டரிடமிருந்து தனி முகவரி பெறும். கம்பி இணைப்பில் இது சிக்கலின்றி நடக்கும். வைஃபையில் சிக்கல் உண்டு. ரௌட்டர் தன்னிடம் முறைப்படி இணைந்த அட்டையின் மேக் முகவரியிலிருந்து வரும் பொதிகளை மட்டுமே ஏற்கும். மெய்நிகர் கணினியின் மேக் முகவரி வேறு என்பதால் அதன் பொதிகளை ஒதுக்கிவிடும். எனவே விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை வெளியே போகும் பொதியில் மேக் முகவரியை மாற்றி எழுதிச் சமாளிக்கின்றன. சில ரௌட்டர்களில் இது நன்றாக நடக்கும், சிலவற்றில் முகவரியே கிடைக்காது. வைஃபையில் பாலம் வேலை செய்யவில்லை என்றால் நாட் முறைக்குத் திரும்புவதே நேரத்தைச் சேமிக்கும்.

இந்த இரண்டு விதங்களிலும் வைஃபை பட்டியல் தெரியாது. இணையத்தில் தேடுவது, லினக்ஸில் மென்பொருள் நிறுவுவது, பைத்தான் எழுதுவது, பிஎச்பி பயிற்சி ஆகிய எல்லாவற்றிற்கும் நாட் போதும். முக்கால்வாசி வேலைகளுக்கு இக்கட்டுரையின் மீதிப் பகுதி தேவைப்படாது.

உண்மையான அட்டை எப்போது தேவை?

அலையையே பாடமாக நடத்தும்போது தேவை. எந்த ரௌட்டர் எந்தச் சானலில் ஒலிபரப்புகிறது, சமிக்ஞை வலிமை எவ்வளவு, எந்த மறையாக்கம் பயன்படுகிறது என்று லினக்ஸில் காட்ட வேண்டுமானால், மெய்நிகர் கணினியிடம் உண்மையான வானொலி அட்டை இருக்க வேண்டும். மெய்நிகர் கணினியை ஹாட்ஸ்பாட்டாக மாற்றி, அதில் மாணவர் உருவாக்கிய வலைப்பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து காட்டுவதும் இவ்வகையே. ஒரு மடிக்கணினியில் லினக்ஸை முழுமையாக நிறுவும் முன், அதன் வைஃபை அட்டைக்கு லினக்ஸில் இயக்கி மென்பொருள் இருக்கிறதா என்று சோதிப்பதற்கு மெய்நிகர் கணினி தேவையில்லை. லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து நேரடியாகத் தொடங்கிப் பார்த்தால் போதும்.

ஒப்படைப்பு என்றால் என்ன?

ஒப்படைக்கும்போது மெய்க் கணினி அந்த அட்டையைக் கைவிடுகிறது. நெசவில் ஒரு நாடா ஒரே நேரத்தில் இரண்டு தறிகளில் ஓடாது. அதுபோல ஒரு வைஃபை அட்டையை ஒரே நேரத்தில் இரண்டு இயங்குதளங்கள் இயக்க முடியாது. மெய்நிகர் கணினியில் வைஃபை பட்டியல் தோன்றும் அதே நொடியில், விண்டோஸில் அந்த வைஃபை மறைந்துவிடும். அந்தக் கணினிக்கு வேறு இணைப்பு இல்லையென்றால் விண்டோஸில் இணையம் நின்றுபோகும்.

எந்தக் கணினியில் இதைச் செய்யக்கூடாது என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது. எமிஸ் பதிவேற்றம், தேர்வுப் பணி, அலுவலகக் கடிதங்கள் ஆகியவை நடக்கும் கணினியில் இதைச் செய்யக்கூடாது. ஒரே ஒரு வைஃபை அட்டை மட்டும் உள்ள கணினியில், அந்த அட்டையை ஒப்படைக்கக்கூடாது. ஆய்வகக் கணினிகள் அரசுச் சொத்து. பயாஸ் அமைப்பை மாற்றுவதற்கு முன் தலைமையாசிரியரின் அனுமதியும், பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் அதற்குரியவர்களின் ஒப்புதலும் பெற்றுக்கொள்வது நல்லது.

எளிய வழி: யுஎஸ்பி வைஃபை

பள்ளிக்கு ஏற்ற வழி இது. சில நூறு ரூபாயில் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றைத் தனியாக வாங்கி, அதை மட்டும் மெய்நிகர் கணினிக்குக் கொடுப்பது. கணினியின் சொந்த இணைப்பு விண்டோஸிடமே இருக்கும். பயாஸைத் தொட வேண்டியதில்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இது முடியும்.

செய்முறை பின்வருமாறு:

1. மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸின் அமைப்புகளில் யுஎஸ்பி பகுதியைத் திறக்கவும். யுஎஸ்பி 2.0 அல்லது 3.0 கட்டுப்படுத்தியைத் தேர்வு செய்யவும். 2022-இல் வெளிவந்த 7.0 பதிப்பு முதல் இவை அடிப்படை மென்பொருளிலேயே உள்ளன. அதற்கு முந்தைய பதிப்புகளில் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு தேவை.

2. மெய்க் கணினி லினக்ஸாக இருந்தால், பயனரை விர்ச்சுவல்பாக்ஸின் யுஎஸ்பி பயனர் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையவும். இதைச் செய்யாவிட்டால் யுஎஸ்பி பட்டியல் காலியாகவே இருக்கும்.

3. டாங்கிளைச் செருகி, மெய்நிகர் கணினியைத் தொடங்கவும். அதன் சாளரத்தில் டிவைசஸ் மெனுவில் யுஎஸ்பி என்ற பகுதியில் டாங்கிளின் பெயரைத் தேர்வு செய்யவும்.

4. சில நொடிகளில் லினக்ஸின் மேற்பட்டையில் வைஃபை குறி தோன்றும். ஒவ்வொரு முறையும் தேர்வு செய்யாமல் தானாக இணைய வேண்டுமானால், யுஎஸ்பி பகுதியில் ஒரு வடிகட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பொதுவாக எழும் சிக்கல்கள் இரண்டு. ஒன்று, சில டாங்கிள்கள் செருகியதும் முதலில் ஒரு குறுந்தகட்டைப் போலத் தோன்றும். விண்டோஸ் இயக்கி மென்பொருள் அதில் இருக்கும். பிறகுதான் அவை வைஃபை கருவியாக மாறும். மாறும்போது கருவியின் அடையாள எண்ணும் மாறுவதால் வடிகட்டி அதைத் தவறவிடும். வடிகட்டியில் தயாரிப்பாளர் எண்ணை மட்டும் விட்டுவிட்டு, கருவி எண்ணை அழித்துவிட்டால் இரண்டு தோற்றங்களையும் அது பிடித்துக்கொள்ளும். மற்றொன்று, டாங்கிளில் உள்ள சில்லு. மீடியாடெக் எம்டி7601யூ, ஏதரோஸ் ஏஆர்9271 ஆகிய சில்லுகளுக்கு லினக்ஸ் கர்னலிலேயே இயக்கி மென்பொருள் உண்டு. வாங்கும் முன் உறையில் உள்ள நிறுவனப் பெயரைவிட உள்ளே உள்ள சில்லின் பெயரைக் கேட்பது முக்கியம்.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி பயன்படுத்துவோர், அதில் யுஎஸ்பி கருவியை இப்படி மெய்நிகர் கணினிக்குக் கொடுக்கும் வசதி இல்லை என்பதைக் கவனிக்கவும். அவர்கள் இந்தச் செயல்பாட்டிற்கு மட்டும் விர்ச்சுவல்பாக்ஸைப் பயன்படுத்தலாம்.

கடின வழி: உள்ளே பொருத்திய அட்டை

மடிக்கணினியின் உள்ளே உள்ள வைஃபை அட்டை பொதுவாகப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பாதையில் இணைந்திருக்கும். இதை ஒப்படைப்பதைப் பிசிஐ பாஸ்த்ரூ என்பர். பள்ளியில் இது அன்றாடம் தேவைப்படாது. ஆனால் இது நடக்கும் விதம், மேல்நிலை வகுப்பில் நினைவகம் பற்றி நடத்துவோருக்கு மிகவும் பயன்படும்.

யுஎஸ்பி கருவியிடம் போகும் ஒவ்வொரு செய்தியும் மெய்க் கணினியின் கைவழியாகவே போகிறது. பிசிஐ அட்டை அப்படியன்று. செயலியைக் கேட்காமல் தானே நினைவகத்தில் தரவை எழுதும் உரிமை அதற்கு உண்டு. வேகத்திற்காக அமைந்த ஏற்பாடு இது. இதை டிஎம்ஏ என்பர். இங்கேதான் ஆபத்து. மெய்நிகர் கணினி "என் நினைவகத்தின் 5000-ஆவது அறையில் எழுது" என்று அட்டையிடம் சொல்கிறது. ஆனால் மெய்நிகர் கணினியின் 5000-ஆவது அறை, மெய்யான நினைவகத்தில் வேறு எங்கோ இருக்கிறது. அட்டைக்கு இது தெரியாது. மெய்யான 5000-ஆவது அறையில் எழுதிவிடும். அங்கே இருப்பது மெய்க் கணினியின் தரவாக இருக்கலாம். கணினி நின்றுபோகும், அல்லது மெய்நிகர் கணினியில் உள்ள ஒருவர் மெய்க் கணினியின் நினைவகத்தையே படித்துவிடலாம்.

இதைத் தடுக்க நினைவகத்திற்கும் சாதனங்களுக்கும் இடையே ஒரு காவலர் வேண்டும். அவர்தான் ஐஓஎம்எம்யூ. இன்டெல் இதை விடி-டி என்றும் ஏஎம்டி இதை ஏஎம்டி-வி-ஐ என்றும் அழைக்கின்றன. அட்டை எழுத வரும் ஒவ்வொரு முகவரியையும் இது சரியான முகவரியாக மாற்றுகிறது, அனுமதி இல்லாத அறைக்குள் விடுவதில்லை. இந்தக் காவலர் இல்லாத கணினியில் பிசிஐ ஒப்படைப்பைச் செய்ய முயலவே வேண்டாம். விடி-எக்ஸ் இருந்தால் விடி-டியும் இருக்கும் என்று எண்ணக்கூடாது. 2, 3-ஆம் தலைமுறை மேசைக் கணினி ஐ3 செயலிகள் பலவற்றில் விடி-எக்ஸ் உண்டு, விடி-டி இல்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெய்நிகராக்கம் இயங்குகிறது என்று காட்டுவது விடி-எக்ஸை மட்டுமே.

மெய்க் கணினியில் எந்த இயங்குதளம் என்பதும் முக்கியம். விண்டோஸ் 10, 11-இல் ஹைப்பர்-வி இதற்கு வழி தருவதில்லை. விண்டோஸ் சர்வர் பதிப்புகளில்தான் அந்த வசதி உள்ளது. விர்ச்சுவல்பாக்ஸில் முன்பு லினக்ஸ் கணினிகளுக்காகச் சோதனை அளவில் இருந்த வசதி 6.1 பதிப்பில் நீக்கப்பட்டது. ஆகவே நடைமுறையில் மெய்க் கணினியில் லினக்ஸும், அதில் கேவிஎம்மும் தேவை. 2012-இல் லினக்ஸ் கர்னல் 3.6 பதிப்பில் சேர்ந்த விஎஃப்ஐஓ என்ற பகுதிதான் இன்று இந்த ஒப்படைப்பைப் பாதுகாப்பாகச் செய்கிறது.

செய்முறையின் போக்கு இது:

1. பயாஸில் மெய்நிகராக்கம், விடி-டி அல்லது ஐஓஎம்எம்யூ ஆகியவற்றை இயக்கவும்.

2. இன்டெல் கணினியானால், கர்னலின் தொடக்க வரியில் ஐஓஎம்எம்யூவை இயக்கும் குறிப்பைச் சேர்த்துக் கணினியை மீண்டும் தொடங்கவும். ஏஎம்டி கணினிகளில் பெரும்பாலும் இது தானாகவே இயங்கும்.

3. கர்னல் வெளியிடும் ஐஓஎம்எம்யூ குழுக்களின் பட்டியலைப் பார்க்கவும். பட்டியல் காலியாக இருந்தால் மேலே செல்ல வேண்டாம்.

4. வைஃபை அட்டை எந்தக் குழுவில் உள்ளது என்று காணவும். ஒரு குழுவில் உள்ள சாதனங்களைக் காவலரால் தனித்தனியாகப் பிரித்துக் காக்க முடியாது. எனவே வைஃபை அட்டை தனிக் குழுவில் இருந்தால் நல்லது. கம்பி அட்டையும் அதே குழுவில் இருந்தால் இரண்டையும் சேர்த்தே விட்டுக்கொடுக்க நேரும்.

5. வெர்ட்-மேனேஜர் என்ற வரைகலைக் கருவியில் மெய்நிகர் கணினியின் விவரப் பக்கத்தைத் திறந்து, வன்பொருள் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, பிசிஐ ஹோஸ்ட் டிவைஸ் என்ற பகுதியில் வைஃபை அட்டையைத் தேர்வு செய்யவும். மெய்நிகர் கணினி தொடங்கும்போது அட்டை கைமாறும், அணைக்கும்போது மெய்க் கணினிக்குத் திரும்பும்.

6. ஏற்கெனவே உள்ள மெய்நிகர்க் கம்பி அட்டையை நீக்க வேண்டாம். வைஃபை அட்டைக்கு ஃபர்ம்வேர் என்னும் உள்மென்பொருள் தேவைப்படலாம். அதைப் பதிவிறக்க மெய்நிகர் கணினிக்கு இணையம் வேண்டுமே! டெபியன் 12 முதல் நிறுவு கோப்பிலேயே இத்தகைய உள்மென்பொருள்கள் சேர்க்கப்பட்டுள்ளன.

புதிய மடிக்கணினிகளில் இன்னொரு தடையும் உண்டு. இன்டெலின் சில அட்டைகளில் வானொலிப் பகுதி மட்டுமே அட்டையில் இருக்கும், மீதிப் பகுதி தாய்ப்பலகையின் சில்லுத் தொகுப்புக்குள் இருக்கும். ஏஎக்ஸ்201 அப்படிப்பட்டது. ஏஎக்ஸ்200 முழு அட்டை. பெயரில் ஓர் எண்தான் வேறுபாடு. ஆனால் ஒப்படைப்பில் முழு அட்டையே நம்பகமானது.

ஒப்படைத்தால் எதை இழக்கிறோம்?

இணைப்பை இழப்பதை முன்பே கண்டோம். பிசிஐ வழியில் நினைவகமும் முடங்கும். அட்டை எந்த அறையில் எப்போது எழுதும் என்று தெரியாததால், மெய்நிகர் கணினியின் நினைவகம் முழுவதையும் பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது. 4 ஜிபி உள்ள கணினியில் மெய்நிகர் கணினிக்கு 2 ஜிபி கொடுத்தால், அது தொடங்கியதிலிருந்து அணையும் வரை அந்த 2 ஜிபி மெய்க் கணினிக்குக் கிடைக்காது. இயங்கும் நிலையை அப்படியே சேமித்து மறுநாள் தொடரும் வசதியும் போய்விடும். சில அட்டைகள் அணைத்தபின் சரியாக மீளாமல், மெய்க் கணினியை மறுதொடக்கம் செய்தால்தான் திரும்பும்.

மூன்றாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. அது மாணவர் பாதுகாப்பு தொடர்பானது. விண்டோஸில் இணைய வடிகட்டி நிறுவியிருக்கிறோம், மாணவர்கள் தேவையற்ற தளங்களுக்குப் போக முடியாது என்று நம்பியிருப்போம். தனக்கென்று வைஃபை அட்டை பெற்ற மெய்நிகர் கணினியின் பொதிகள் விண்டோஸ் வழியாகப் போவதே இல்லை. அந்த வடிகட்டி அங்கே வேலை செய்யாது. வடிகட்டல் ரௌட்டரில் இருந்தால் மட்டுமே பயன். கடவுச்சொல்லும் அப்படியே. மெய்நிகர் கணினியில் பள்ளி வைஃபையின் கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்தால், அது அந்த மெய்நிகர் வன்தட்டுக் கோப்பில் பதிந்துவிடும். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தால் கடவுச்சொல்லும் கூடவே போகிறது. பகிர்வதற்கு முன் சேமித்த இணைப்புகளை நீக்கிவிடவும். இன்னும் நல்லது, செயல்பாட்டிற்கு மட்டும் ஆசிரியரின் கைப்பேசியில் ஒரு ஹாட்ஸ்பாட்டை உருவாக்கி, முடிந்ததும் அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடுவது.

வகுப்பறைச் செயல்பாடு: நம்மைச் சுற்றியுள்ள அலைகள்

டாங்கிள் ஒன்று இருந்தால் ஒரு பாடவேளையில் இதை நடத்தலாம்.

மெய்நிகர் லினக்ஸில் முனையத்தைத் திறந்து, நெட்வொர்க் மேனேஜரின் கட்டளைவரிக் கருவியால் வைஃபை பட்டியலைப் பெறவும். பெயர், சானல், வேகம், சமிக்ஞை, பாதுகாப்பு ஆகியவை அட்டவணையாக வரும். அண்டை வீடுகளின் வைஃபை பெயர்களும் அதில் வரக்கூடும் என்பதால், பெயர்ப் பத்தியை விட்டுவிட்டு மற்ற பத்திகளை மட்டும் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதட்டும்.

பிறகு சானல்களைக் கரும்பலகையில் வரையவும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சானல் 1-இன் நடு அலைவெண் 2412 மெகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்த சானல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஆனால் ஓர் இணைப்பு எடுத்துக்கொள்ளும் அகலம் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ். எனவே பக்கத்துச் சானல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். அவற்றின் நடு அலைவெண்கள் 2412, 2437, 2462. இவற்றை மாணவர்களே கணக்கிட்டுக் கண்டுபிடிக்கட்டும். கூட்டுத் தொடர் வரிசை படித்த மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

இறுதியாக, பள்ளி ரௌட்டர் எந்தச் சானலில் உள்ளது, அதே சானலில் வேறு எத்தனை ரௌட்டர்கள் உள்ளன, எந்தச் சானலுக்கு மாற்றினால் நெரிசல் குறையும் என்று கேட்கவும். மாணவர்கள் தரும் விடை, பள்ளியின் இணைய வேகத்திற்கே உதவக்கூடும்.

டாங்கிள் வாங்க இயலாத பள்ளிகளுக்கும் ஒரு வழி உண்டு. லினக்ஸ் கர்னலில் வைஃபை அட்டையைப் போல நடிக்கும் மேக்80211-எச்டபிள்யூசிம் என்ற சோதனைப் பகுதி இருக்கிறது. அதை ஏற்றினால் மெய்நிகர் கணினிக்குள்ளேயே இரண்டு பொய் வைஃபை அட்டைகள் தோன்றும். ஒன்றை ரௌட்டராகவும் மற்றொன்றைப் பயனராகவும் வைத்து இணைப்பு எப்படி உருவாகிறது என்று காட்டலாம். வெளியுலக அலைகள் எதுவும் இதில் தெரியாது. சானல் செயல்பாட்டிற்கு இது உதவாது. கடவுச்சொல் சரிபார்ப்பு, முகவரி பெறுதல் ஆகியவற்றை விளக்கச் செலவில்லாத வழி.

எல்லையைச் சொல்லிக் கொடுப்போம்

வைஃபை அட்டை கையில் வந்ததும் மேல்நிலை மாணவர்களில் சிலர் கேட்கும் அடுத்த கேள்வி, பக்கத்து வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே. இதற்கான காணொலிகளை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். கேள்வியைத் தவிர்க்காமல் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஒலிபரப்பாகும் பெயரையும் சானலையும் பட்டியலில் பார்ப்பது வேறு. அனுமதியின்றிப் பிறர் வலையமைப்பில் நுழைவது வேறு. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு அனுமதியற்ற நுழைவைத் தவறு என்கிறது. தீய நோக்கத்துடன் அதைச் செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சோதனைகள் எல்லாம் பள்ளியின் அல்லது ஆசிரியரின் சொந்த இணைப்பில் மட்டுமே நடக்க வேண்டும். செயல்பாடு முடிந்ததும் டாங்கிளைக் கழற்றி ஆசிரியரே வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

எதைத் தேர்வு செய்வது?

இணையம் மட்டும் போதும் என்றால் நாட் முறை. அலையைப் பாடமாக நடத்த வேண்டும் என்றால் தனி யுஎஸ்பி டாங்கிள். டாங்கிள் இல்லை, இணைப்பு உருவாகும் முறையை மட்டும் விளக்க வேண்டும் என்றால் பொய் வைஃபை அட்டைகள். கம்பி இணைப்பும் உள்ள, அலுவலகப் பணிக்குப் பயன்படாத, விடி-டி வசதி கொண்ட லினக்ஸ் கணினி ஒன்று கூடுதலாக இருந்தால் மட்டும் பிசிஐ ஒப்படைப்பை முயன்று பார்க்கலாம்.

எந்த வழியானாலும் தொடங்கும் முன் மாணவர்களிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்த அட்டை அங்கே போனால், இங்கே எது நிற்கும்?" அதற்குச் சரியாகப் பதில் சொல்லும் மாணவருக்கு, வன்பொருளுக்கும் இயங்குதளத்திற்கும் உள்ள உறவு புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.